லண்டன் பப்பும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டும்

லண்டனில் கில்பர்ன் பகுதியில் கார்ல்டன் டாவர்ன் என்று ஒரு பப் இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் கட்டியது. அரண்மனை இல்லை, ராஜா ராணி வந்து தங்கிய இடமும் இல்லை. அக்கம்பக்கத்து ஜனங்கள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கிளாஸ் பீரை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசும் சாதாரண இடம். 2015 ஏப்ரலில், அதை வாங்கியிருந்த நிறுவனம் திடீரென்று ஒருநாள் இயந்திரத்தைக் கொண்டுவந்து கட்டடத்தை இடித்துத் தள்ளிவிட்டது. அனுமதி எதுவும் கிடையாது. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடு கட்டி விற்பது அவர்கள் திட்டம்.

பொதுவாக இந்த மாதிரி கதை இதோடு முடிந்துவிடும். நாலு பேர் கோஷம் போடுவார்கள், ஒரு அபராதம் விதிப்பார்கள், அபராதத்தைக் கட்டிவிட்டுப் பத்து மாடி எழுப்புவார்கள். ஆனால் அங்கே நடந்தது வேறு. "இடித்தது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டு" என்று உள்ளாட்சி நிர்வாகம் உத்தரவு போட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது, 2016-ல் அதிலும் தோற்றது. கடைசியில் வேறு வழியில்லாமல் கட்டினார்கள். 2021 ஏப்ரலில் அதே இடத்தில், அதே தோற்றத்தில் பப் மறுபடி திறந்தது.

ஒரு சாராயக்கடைக்கா இத்தனை ரகளை என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். இங்கே தெருவுக்குத் தெரு பார் இருக்கிறது. ஒன்றை மூடினால் இன்னொன்று. யாரும் அதற்காக வழக்குப் போடப் போவதில்லை!

ஆனால் கில்பர்ன்காரர்கள் காப்பாற்றியது பீரை இல்லை. பீர் லண்டனில் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். அவர்கள் காப்பாற்றியது, காசு அதிகம் செலவழிக்காமல், யார் என்ன என்று கேட்காமல் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தை. அந்தக் கணக்கில் பார்த்தால் புதுச்சேரியின் 'பப்' எது? பார் இல்லை. நிச்சயமாக பீச்சில் இருக்கும் ரெஸ்டாரண்ட்டும் இல்லை.

அது பெரிய மார்க்கெட்.

அதிகாரப்பூர்வமாக அதற்குக் குபேர் அங்காடி என்று பெயர். (வெளியூர்க்காரர்கள் செல்வத்துக்கு அதிபதியான குபேரன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, இது எத்துவார் குபேர். பிரெஞ்சு ஆட்சிக் கால அரசியல்வாதி, 1963-64-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர்.) நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில், காந்தி வீதியை ஒட்டி, நட்டநடுவில் மணிக்கூண்டோடு நிற்கிறது. காய்கறி, பூ, வெற்றிலை, மளிகை, மீன், கருவாடு, பாத்திரம்... இல்லாதது எதுவும் இல்லை. குப்பங்களிலிருந்து மீன் கூடையோடு வரும் பெண்கள், சுற்றுக் கிராமங்களிலிருந்து கீரைக்கட்டோடு வரும் கிழவிகள், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பூ வாங்க வரும் குடும்பம், ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு தொலைந்துபோய்ச் சுற்றும் வெள்ளைக்காரர் என்று எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. உள்ளே போக டிக்கெட் இல்லை. ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் திண்ணை இருந்தது எதற்கு? வழிப்போக்கன் உட்காருவதற்கு. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியில் இன்னும் ஒருபடி மேலே போய், திண்ணைக்கு வெளியே தெருவை ஒட்டி மரத்தூண் வைத்துத் தாழ்வாரமும் இறக்கினார்கள். வெயிலுக்கும் மழைக்கும் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். இன்று அந்தத் திண்ணைகளில் பாதிக்குக் கம்பிக் கதவு போட்டாயிற்று, மீதி கடையாகிவிட்டது. ஊருக்கு என்று பாக்கி இருக்கும் பெரிய திண்ணை இந்த மார்க்கெட்தான்.

சரி, அதற்கு இப்போது என்ன வந்தது?

2017 ஜூனில் புதுச்சேரி மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்தது. அந்தத் திட்டத்தில் பெரிய மார்க்கெட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் யோசனையும் சேர்ந்தது. வியாபாரிகளைத் தற்காலிகமாக வேறு இடத்துக்கு மாற்றுவது, கட்டி முடித்ததும் திரும்ப அழைத்துவருவது என்பது ஏற்பாடு. வியாபாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. கடையடைப்பு, ஆர்ப்பாட்டம், பேச்சுவார்த்தை என்று வருஷக்கணக்கில் இழுத்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டமே 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

அதனால் ஆபத்து நீங்கிவிட்டதா என்றால், இல்லை. திட்டத்தின் பெயர்தான் மாறும். நகரத்தின் நடு மையத்தில் அவ்வளவு பெரிய நிலம் இருக்கும்வரை, இடித்துக் கட்டும் ஆசை திரும்பத் திரும்ப வரும். அப்போது என்ன பதில் சொல்வது என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மார்க்கெட் நல்ல நிலையில் இல்லை. சந்துகள் நெருக்கம். மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது. மின்கம்பிகள் தொங்கும் லட்சணத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து வியாபாரம் செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை வசதி என்பது எந்த மார்க்கெட்டிலும் முதல் தேவை. "பழமை, பழமை" என்று சொல்லிக்கொண்டு அவர்களைச் சேற்றில் உட்காரச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வசதி வேண்டாம் என்று வியாபாரிகளும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது, மொத்தமாகக் காலி செய்யச் சொல்லாதீர்கள் என்பதுதான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? திரும்பக் கூட்டிவருவோம் என்று அரசே சொல்லும்போது நம்பினால் என்ன?

இந்தக் கேள்விக்குப் பதில் அதே ஊரில், இன்னொரு குபேரிடம் இருக்கிறது. கடற்கரைச் சாலைக்கும் அவர் பெயர்தான், குபேர் அவென்யூ. அங்கே நிற்கிறது மேரி கட்டடம். பிரெஞ்சுக்காரர்கள் 1870-71-ல் கட்டிய நகராட்சி மாளிகை. பிறப்பு, கல்யாணம், இறப்பு என்று இந்த ஊர்க் குடும்பங்களின் வாழ்க்கையெல்லாம் பதிவேடாக இருந்த இடம். சரியான பராமரிப்பு இல்லாமல் பல வருஷம் கிடந்து, 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. ஊரே வருத்தப்பட்டது. பிறகு உலக வங்கி நிதியுதவியில், ஏறக்குறைய ரூ. 15 கோடி செலவில், பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தார்.

நல்ல விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள். இடிந்தது 2014, திறந்தது 2021. ஆறு வருஷத்துக்கு மேல்! லண்டன் பப்புக்கும் 2015-லிருந்து 2021 வரை ஆறு வருஷம். ஒரு கட்டடத்தால் ஆறு வருஷம் காத்திருக்க முடியும். அதற்குப் பசிக்காது. தினமும் அடிக்காசு கட்டிவிட்டுக் கருவாடு விற்கும் அம்மாவால் காத்திருக்க முடியுமா? அவருக்கு முதல் என்பது கூடையில் இருக்கும் சரக்கு இல்லை. "மணிக்கூண்டிலிருந்து மூணாவது வரிசை, தூண் ஓரத்தில் இருக்கும் அம்மா" என்று வாடிக்கையாளர் மனசில் இருக்கும் விலாசம்தான் முதல். இடம் மாறினால் ஒரே மாதத்தில் அது அழிந்துவிடும். ஆறு வருஷம் கழித்துப் புதுக் கட்டடத்தில் ஒரு எண் போட்டுக் கடை கொடுத்தால், அதில் வந்து உட்காரப்போவது அதே ஆளாக இருக்குமா?

மீன் வியாபாரத்திலும் இதே பிரச்சினை வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நவீன மீன் அங்காடி கட்டி, பெரிய மார்க்கெட் பகுதியில் நடக்கும் மீன் ஏலத்தை அங்கே மாற்றப் பார்த்தபோது, மீனவப் பெண்கள் எதிர்த்துப் போராடினார்கள். வசதியான கட்டடத்தை யாராவது வேண்டாம் என்பார்களா என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் மீன் விற்பது கட்டடத்தால் இல்லையே. பூ வாங்க வந்தவர் காய் வாங்கி, காய் வாங்க வந்தவர் மீனும் வாங்குவதால்தான் விற்கிறது. மார்க்கெட் என்பது ஒருவரையொருவர் சாய்ந்து நிற்கும் கூட்டம். ஒருவரை உருவினால் பக்கத்தில் இருப்பவரும் சாய்வார்.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூர் மார்க்கெட் என்று சொன்னால் போதும். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1900-ஆம் ஆண்டில் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம் முதல் பறவைகள் வரை எல்லாம் விற்ற இடம். 1985 மே மாதம் தீயில் எரிந்தது. இன்று அந்த நிலத்தில் ரயில்வேயின் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. வியாபாரிகளுக்குப் பக்கத்திலேயே லில்லி பாண்ட் வளாகத்தில் கடைகள் கொடுத்தார்கள். கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய மூர் மார்க்கெட்டுக்குப் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், லில்லி பாண்ட் அதற்கு ஈடா என்று. கடை கிடைத்தது, மார்க்கெட் கிடைக்கவில்லை.

புதுச்சேரியில் 'பாரம்பரியம்' என்று சொன்னாலே எல்லோர் மனசிலும் வருவது மஞ்சள் சுவரும் வெள்ளைக் கோடும் போட்ட பிரெஞ்சு வீடுகள். 1990-களில் எடுத்த கணக்கெடுப்பில் இங்கே சுமார் 1,800 பாரம்பரியக் கட்டடங்கள் இருந்தன. அதில் பல நூறு இன்று இல்லை. இழப்பு அதிகமாக நடந்தது வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். சுற்றுலாப் பயணி போட்டோ எடுக்காத பக்கம் என்பதாலோ என்னவோ.

அதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்று புலம்பவும் வேண்டியதில்லை. வைசியாள் வீதியில் 2002-லிருந்து 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பும் அரசும் சேர்ந்து தெருவின் முகப்பையே சீர்செய்தார்கள். தாழ்வாரம், திண்ணை எல்லாம் திரும்ப வந்தன. 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. இதில் முக்கியமானது விருது இல்லை. வேலை நடந்தபோது அந்தத் தெரு காலியாகவில்லை, வேலை முடிந்தபிறகும் அது ஜனங்கள் வாழும் தெருதான். ஒரு தெருவில் முடிந்தது ஒரு மார்க்கெட்டில் முடியாதா?

இங்கேதான் சட்டம் வருகிறது. இங்கிலாந்தில் 2011-ல் உள்ளாட்சிக்கான புதுச் சட்டம் ஒன்று வந்தது. ஊர்க்காரர்கள் கூடி, "இந்த பப் எங்கள் சமூகத்துக்கு முக்கியமான சொத்து" என்று உள்ளாட்சியிடம் மனு கொடுத்துப் பட்டியலில் சேர்க்கலாம். பட்டியலில் சேர்ந்ததை உரிமையாளர் நினைத்தபடி உடனே விற்க முடியாது. ஊரே பணம் திரட்டி வாங்கிக்கொள்ள முன்வந்தால் அதற்கு ஆறு மாத அவகாசம் தர வேண்டும். கவனியுங்கள், அங்கே கேட்கும் கேள்வி 'கட்டடம் எத்தனை வருஷம் பழசு' என்பது இல்லை. 'ஜனங்களுக்கு அது என்ன பயன்' என்பது.

அந்த மாதிரிச் சட்டம் நமக்கு எங்கே வரப்போகிறது என்று பெருமூச்சு விட வேண்டாம். கிட்டத்தட்ட அதே யோசனை நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது! 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தெருவோர வியாபாரிகள் வியாபாரம் செய்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கே இருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்ற கொள்கை அதில் இருக்கிறது. பாரம்பரியம் என்ற சொல்லைக் கட்டடத்துக்கு மட்டும் இல்லாமல், தரையில் சாக்கு விரித்து உட்காரும் ஆளுக்கும் சேர்த்துச் சொன்ன சட்டம் இது.

உள்ளே வாடகைக் கடை வைத்திருப்பவருக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது, வாஸ்தவம். ஆனால் கூடைக்காரப் பெண்களுக்கும், சுற்றிலும் உள்ள வீதிகளில் கடை போடுபவர்களுக்கும் இதை வைத்துப் பேச இடம் இருக்கிறது. "அழகான பழைய கட்டடம், இடிக்காதே" என்று சொன்னால் அரசாங்கம் இதைவிட அழகாகக் கட்டித்தருகிறேன் என்று சொல்லிவிடும். "இது பாரம்பரியச் சந்தை, இவர்களை நகர்த்தாதே" என்று சொன்னால் அந்தப் பதில் செல்லாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மூன்று விஷயம்.

ஒன்று, பகுதி பகுதியாக வேலை. ஒரு வரிசையை எடுத்து, அங்கே இருப்பவர்களை மார்க்கெட்டுக்குள்ளேயே ஒதுக்கி உட்காரவைத்து, தரை, வடிகால், மின்சாரம், கூரை எல்லாம் சரிசெய்து, அவர்களைத் திரும்ப உட்காரவைத்தபிறகுதான் அடுத்த வரிசை. செலவும் நாளும் கொஞ்சம் கூடலாம். ஆனால் பிழைப்பு ஒருநாளும் நிற்காது.

இரண்டு, ஒரு சுவரைத் தொடுவதற்கு முன்னால் எல்லோர் பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் மட்டும் இல்லை, கூடைக்காரரும். யார், எந்த இடத்தில், என்ன விற்கிறார் என்று கணக்கெடுத்து, திரும்ப அதே இடம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி இடம் காலி செய்தவர்கள் கதை நாட்டில் நிறைய உண்டு.

மூன்று, நிர்வாகத்தில் வியாபாரிகளுக்குப் பங்கு. இது கனவு இல்லை. 1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, ஏ.கே. கோபாலனின் துணையோடு அந்த ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். 1957-ல் பெங்களூரில் முதல் சங்கம். பிறகு ஊர் ஊராகப் பரவியது. புதுச்சேரி நேரு வீதியில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான். மூடப்போன காபிக் கடையை சர்வர்கள் காப்பாற்றிக் காட்டியபோது, மார்க்கெட்டை மார்க்கெட்காரர்கள் நிர்வகிக்க முடியாதா?

கடைசியாக லண்டன் பப்புக்கே வருவோம். இடித்த கட்டடத்தை அச்சு அசலாகத் திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டார்களே, எப்படி இருந்தது என்று எப்படித் தெரிந்தது? அங்கே இருந்தவர்களுக்கு முன்னாலேயே சந்தேகம் வந்துவிட்டது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பிடம் சொல்லி, இடிப்பதற்கு முன்பே ஓடு, பூச்சு, அலங்கார வேலைப்பாடு எல்லாவற்றையும் படம் பிடித்து, அச்சு எடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஆவணம் மட்டும் இல்லையென்றால் எந்த உத்தரவு போட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது.

பெரிய மார்க்கெட்டுக்கு அந்த மாதிரி ஆவணம் ஒன்று வேண்டும். சுவருக்கு மட்டும் இல்லை, ஆட்களுக்கும். இதற்குப் பெரிய அதிகாரியோ நிபுணரோ தேவையில்லை. கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் நாலு பேர் அளவெடுக்கலாம். சமூகவியல் படிப்பவர்கள் யார் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் அந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதலாம். தமிழ் படிப்பவர்களுக்கு, எடைபோடும்போதும் ஏலம் விடும்போதும் புழங்கும் சொற்களே ஒரு புத்தகத்துக்குத் தாங்கும். மற்றவர்கள் கையில் செல்போன் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் நடக்கும். துணி வாங்க எப்படியும் பாதிப் பேர் போகத்தான் போகிறார்கள். அப்படியே பத்து அடி உள்ளே போய், மணிக்கூண்டுக்குக் கீழே நின்று, கூடை வைத்திருக்கும் ஒருவரிடம் "எத்தனை வருஷமாம்மா இங்க இருக்கீங்க?" என்று கேட்டு, சொல்வதை எழுதிக்கொண்டு வரலாம். அப்படியே ஒரு கட்டுக் கீரையும்.